நாரைகள் ஜெயிக்க நான் வெளியே நிற்கிறேன்

பாட்டனி டவுன்ஸ், ஆக்லாந்து
ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்

அன்பு மாப்பிள்ளை கதிருக்கு,

உன் அத்தான் மாரிசாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா பாக்யலட்சுமி, மகள் அபர்ணா, மருமகன் திலக்சன் எல்லோரும் இந்த நிமிடம் வரை சௌக்கியம். பொழுது சாயும்வரை சௌக்கியம் நீடிக்குமா என்பது உன் ஊர் மைதானத்தில் மட்டையோடு நிற்பவர்களைப் பொறுத்தது. அங்கே நீயும் லக்ஷ்மிப்ரியாவும் முருகன் அருளால் நலமாக இருக்க வேண்டும். உன் தொண்டை மட்டும் இன்றைக்குக் கெட்டுப்போகட்டும். கத்திக் கத்தி நாளைக்குப் பேச்சே வராமல் போகட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்காகக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நீ கேட்பாய். என் போன் என்னிடம் இல்லை. காலையிலேயே உன் அக்கா பிடுங்கிக்கொண்டாள். உங்கள் ஊரில் சனிக்கிழமை இரவாக இருப்பது எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நம் பேஸ்பால் அணி, பிளாக்ஸ்டன் நாரைகள், இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை இப்போது, இதோ நான் இந்த வரியை எழுதும்போது, ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்தாயிற்று, இன்று ஜெயிப்பவருக்குக் கோப்பை. என் வீட்டு டிவி முன்னால் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. இந்த அணிக்காக என் தலைமுடியில் பாதியைக் கொட்டிய நான், டவுன் சென்டரில் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கிற கூடத்தில், ஒரு காப்பி வாங்கி வைத்துக்கொண்டு, அது ஆறிப்போய், உனக்குக் கடிதம் எழுதுகிறேன். எழுதாவிட்டால் என் கால் தானாக வீட்டுக்குப் போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சொல்வேன், பொறுத்துக்கொள். பழைய கம்ப்யூட்டர்களில் வருடத்தின் எண்ணைத் திருத்துகிற வேலைக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் அமெரிக்காவில் உன் ஊருக்கு வந்து, படித்துக்கொண்டிருந்த உன் ஒற்றை அறையில் நான் பாய் விரித்தபோது, பேஸ்பால் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. கோவில்பட்டிக்காரனுக்கு ஹாக்கி தெரியும். உன்னோடு முதல் ஆட்டத்துக்கு வந்து உச்சி வரிசையில் குளிரில் உட்கார்ந்து, "ஏம்ப்பா, கையில மட்டையை வச்சுக்கிட்டு அடிக்காம நிக்கிறானே, இவனுக்குச் சம்பளம் வேற உண்டா?" என்று கேட்டேன். "அத்தான், கெட்ட பந்தை அடிக்காம விடுறதுதான் பெரிய வித்தை" என்றாய். மூன்றாவது ஆட்டத்தில் நான் எழுந்து நின்று கத்தினேன். அதோடு என் கதை முடிந்தது. நாரைகள் தோற்றுக்கொண்டே இருந்ததால் டிக்கெட் மலிவு, உச்சி வரிசையில் நம்மைத் தவிர யாரும் கிடையாது, நீ கட்டிவந்த புளியோதரையின் வாசனைக்குக் கீழ் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சீசனின் கடைசி ஆட்டத்திலும் தோற்றபிறகு நீ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "சரி அத்தான், அடுத்த வருஷம் பாப்போம்" என்றாய். அதை நான் நம்பினேன்.

பிறகு எனக்கு நியூசிலாந்தில் குடியேற அனுமதி கிடைத்தது, பனி அள்ளத் தன்னால் ஆகாது என்று உன் அக்கா சொல்லிவிட்டாள், வந்து சேர்ந்தோம். இந்த ஊரில் பேஸ்பால் என்று சொன்னால் "ஓ, சாஃப்ட்பாலா?" என்பார்கள். நம் ஆட்களிடம் சொன்னால் கிரிக்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். கால் நூற்றாண்டுக்கு மேலாக இந்த ஊரில் நாரைகளுக்கு இருக்கிற ஒரே ரசிகன் நான்தான் என்று நினைக்கிறேன். நீ ஒவ்வொரு அக்டோபரிலும், அணி வெளியேறிய அன்று போன் செய்வாய். யார் பந்தைக் கோட்டைவிட்டான், யாரை விற்றிருக்க வேண்டும் என்று பேசிப் பேசி, கடைசியில் நீ அந்த வார்த்தையைச் சொல்லுவாய், நான் போனை வைப்பேன். அன்று முழுவதும் எனக்கு மனசு நிறைந்திருக்கும். "தோத்ததுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று உன் அக்கா கேட்பாள். அவளிடம் என்னவென்று சொல்வது? உன் குரலைக் கேட்ட சந்தோஷம் என்று அவளுடைய தம்பியைப் பற்றி அவளிடமே சொல்ல வெட்கமாக இருக்கும்.

இந்த வருடம் நாரைகளுக்கு என்னவோ ஆகிவிட்டது, ஜெயிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அரையிறுதியின் கடைசி ஆட்டத்தன்று என் சம்பந்தி சோதிலிங்கம் மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து வந்திருந்தார். திலக்சனின் அப்பா, யாழ்ப்பாணத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்தவர், எதையும் பரிசோதித்துப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டார். "இதில ஓவர் எத்தனை?" என்று கேட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்பது சுற்று என்று விளக்கினேன். நான்காவது சுற்றில் நாம் மூன்று ஓட்டம் பின்னால் இருந்தோம். திடீரென்று மழை, உன் அக்கா பின்பக்கத்திலிருந்து "துணியை எடுங்க!" என்று ஒரு சத்தம். ஓடிப்போய் பெட்ஷீட்டையெல்லாம் சுருட்டிக்கொண்டு வருவதற்குள் நம் ஆட்கள் ஐந்து ஓட்டம் எடுத்துவிட்டார்கள். நான் ஈரத் துணியோடு உட்கார்ந்தேன். உடனே எதிரணி இரண்டு எடுத்தது. சோதிலிங்கம் டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சம்பந்தி, குறை நினைக்காதேங்கோ. ஒருக்கா எழும்பி வெளியில போய் நிண்டு பாருங்கோ" என்றார். விளையாட்டாக கராஜுக்குப் போனேன். உள்ளே கைதட்டல். திரும்பி வந்தேன், "ஐயோ" என்றார்கள். மறுபடி போகச் சொன்னார், மறுபடி கைதட்டல். இன்னொரு முறையும் அப்படியே. "இனி சந்தேகமில்லை" என்றார், சோதனைக் குழாயைக் கழுவி வைக்கிற மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு. கடைசிச் சுற்று முழுவதும் நான் கராஜில் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் பழைய ஃபிரிட்ஜுக்கும் நடுவில் நின்றேன். அன்றுதான் நாம் இறுதித் தொடருக்குப் போனோம், கதிர். நீ எந்தச் சுற்றை நினைத்து நினைத்து மகிழ்கிறாயோ, அந்தச் சுற்றில் நான் பார்த்ததெல்லாம் ஒரு பெயின்ட் டப்பா.

என் நாற்காலி அவருக்குப் போயிற்று. ராசிக்காரர் என்று பெயரும் வாங்கிவிட்டார். நீ அனுப்பிய தொப்பியையும் அபர்ணா அவர் தலையில் வைத்துவிட்டாள். ஆட்டம் தெரிந்து மூன்று வாரம்கூட ஆகாத மனுஷன் என் தொப்பியைப் போட்டுக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த நெட்டையன் இண்டைக்கு நல்லா எறியிறான்" என்கிறார். அந்த நெட்டையனைப் பத்தொன்பது வயதிலிருந்து, சின்ன லீகில் ஆடிய காலத்திலிருந்து தொடர்கிறவன் நான். எனக்கு வயிறு எரிகிறது, சொல்லிவிட்டேன்.

வெளியே நிற்கிறவன் சும்மா நிற்க வேண்டாமே என்று கோயிலுக்குப் போனேன். எல்லர்ஸ்லி பக்கம் முருகன் கோயில், உனக்குத் தெரியும், நீ வந்தபோது போனோம். அந்த நெட்டைப் பந்துவீச்சாளன் வாலஸுக்குத் தோள்பட்டையில் வலி என்று செய்தி வந்திருந்தது. பிறந்த தேதியைத் தேடி எடுத்து, நட்சத்திரம் கணக்குப் பார்த்தேன். பூராடம். ஆட்டத்தன்று அவனுக்குச் சந்திராஷ்டமம் வேறு. அர்ச்சனைச் சீட்டோடு போய் நின்றால் ஐயர் கோத்திரம் கேட்கிறார். எனக்கு என்ன தெரியும்? சிவகோத்திரம் போடுங்கள் என்றேன். அவரும் மணியை ஆட்டிக்கொண்டு "சிவகோத்ரே, பூராட நட்சத்ரே, வாலஸ் நாமதேயஸ்ய" என்று கணீரென்று சொன்னார். கோயிலே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பின்னால் ஒடாஹுஹுவில் குடியிருக்கிற அன்னபாக்கியம் அம்மா நின்றிருந்தார். "ஆருக்கு அண்ணை?" என்றார். "நம்ம பிள்ளைதான், தோள்பட்டையில வலி" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. அத்தனை வருடம் பார்த்தவன் நம்ம பிள்ளை இல்லாமல் வேறு யார்? அவர் கண்ணை மூடி எனக்காக இன்னொரு முறை கும்பிட்டார். வாலஸ் என்பதை அவர் காதில் எப்படி வாங்கினாரோ, தோள்வலி என் மருமகனுக்கு என்று முடிவு செய்துவிட்டார். அந்த வாரம் முழுக்க என் வீட்டுக்குத் தைலமும் ரசமும் வந்தன. ஒருவர் தோளுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் அனுப்புகிறேன் என்றார். திலக்சன் வேலையிலிருந்து வந்து, "மாமா, எனக்கு என்ன வருத்தம்? எல்லாரும் ஒப்பரேஷன் எப்பவெண்டு கேக்கினம்" என்று பயந்துபோய்க் கேட்டான். நல்ல பிள்ளை, உண்மையைச் சொன்னதும், "அப்ப அந்தத் தைலத்தை அமெரிக்காவுக்கு அனுப்புவமே?" என்றான். அடுத்த ஆட்டத்தில் வாலஸ் ஒரு ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை, நீ பார்த்தாய். நான் கராஜில் இருந்தேன்.

பத்து நாளைக்கு முன்னால் நீ போன் செய்தாய். "அத்தான், ஏழாவது ஆட்டம்வரை போனா, அதுக்கு ரெண்டு டிக்கெட் கெடச்சிருச்சு. பிளேன் ஏறுங்க." நான் போனைக் கீழே வைத்துவிட்டு அலமாரியில் பாஸ்போர்ட்டைத் தேடினேன், லைன் போய்விட்டது என்று நீ "ஹலோ ஹலோ" என்றாய். லைன் போகவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தேன். முழங்கால் வலி, அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்று சொல்லிவிட்டேன். என் முழங்கால் நன்றாக இருக்கிறது. கராஜிலிருந்து கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாலே தோற்கிற அணி, நான் மைதானத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? நீ ஆசை ஆசையாக வாங்கிய டிக்கெட்டில் நான் வந்து உட்கார்ந்து, உன் கண் முன்னால் அவர்கள் தோற்று, நீ தொப்பியைக் கழற்றி மடியில் வைப்பதை இன்னொரு முறை பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அதுதான் உண்மை.

நேற்று ஆறாவது ஆட்டம். கராஜில்தான் இருந்தேன், சத்தியமாக எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் உள்ளே ஒரு கூச்சல் கேட்டது, கதவில் காதை வைத்தேன், தோற்றுவிட்டோம். சோதிலிங்கம் புதிய முடிவுக்கு வந்தார், காதால் கேட்பதும் பார்ப்பதில் சேர்த்தி. அதனால் இன்று என்னைச் சத்தம் கேட்காத தூரத்துக்கு அனுப்பவேண்டும் என்று தீர்மானம். இதற்கிடையில் எங்களுக்குள் பெரிய விவாதம். ஞாயிறு மத்தியானம் எமகண்டத்தில் ஆட்டம் தொடங்குகிறதே என்று நான். "அங்க சனிக்கிழமை இரவெல்லோ, அந்த ஊர்ப் பஞ்சாங்கத்தைத்தானே பாக்க வேணும்" என்று அவர். "பார்க்கிறவங்க இங்கதானே இருக்கோம்" என்றேன். "நீங்கள்தான் பாக்கேல்லையே" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டேன். அபர்ணா காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். "அப்பா, ஐ லவ் யூ, பட் டோன்ட் கம் ஹோம், ஓகே?" என்றாள். நான் பெற்ற பெண்.

இங்கே சுவரில் ஒரு டிவி இருக்கிறது. ரக்பி ஓடுகிறது, நல்லவேளை. யாருக்கும் எதுவும் தெரியாது. பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் சண்டை போட்டுக்கொண்டே நூடுல்ஸ் சாப்பிடுகிறது. உலகத்தில் எவ்வளவு பெரிய விஷயம் நடக்கிறது, இவர்கள் சாஸ் போதவில்லை என்கிறார்கள். எழுந்து அவர்களிடம் சொல்லலாமா என்றிருக்கிறது. ஐயா, நாங்கள் இரண்டு பேர் இதற்காகக் காத்திருந்தோம், ஒருவன் அங்கே இருக்கிறான், ஒருவன் இங்கே இருக்கிறேன் என்று.

கதிர், எனக்கு அந்த உச்சி வரிசை வேண்டும். ஜெயிப்பதைக்கூட விடு. உன் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் விறைக்க, நீ கையை நீட்டி "அத்தான், இப்ப பாருங்க, இப்ப பாருங்க" என்று சொல்ல, நான் பார்க்க வேண்டும். நாம் சேர்ந்து ஒரு ஆட்டம் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. இங்கே நீ வந்தது ஆட்டம் இல்லாத மாதத்தில், ஊரில் பார்த்துக்கொண்டதெல்லாம் துக்க வீட்டில். இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. இன்றைக்கு ஜெயித்துவிட்டால் அடுத்த அக்டோபரில் நீ எதற்காக எனக்குப் போன் செய்வாய் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். அதற்காக அவர்கள் தோற்கட்டும் என்று நினைக்கவில்லை. ஒரு நொடி நினைத்தேன், உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். நீ அங்கே இருக்கிறாய். எனக்கும் சேர்த்து நீ பார். ஒரு பந்தையும் விடாதே, கழிவறைக்குக்கூடப் போகாதே. எனக்கு முதல் பந்திலிருந்து சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை. நீ பார்த்தால் நான் பார்த்தது மாதிரி. அந்த நிம்மதியில்தான் இங்கே உட்கார்ந்திருக்க முடிகிறது.

லக்ஷ்மிப்ரியாவுக்கு எங்கள் அன்பைச் சொல். பிள்ளைகளுக்கு ஆசிகள். சர்க்கரை மாத்திரையை விட்டுவிடாதே என்று உன் அக்கா சொல்லச் சொன்னாள். நாரைகளுக்கும், மைதானத்தில் உன்னைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும், எதிரணியைத் தவிர, கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் நல்லதே செய்யட்டும்.

இப்படிக்கு,
எதையும் பார்க்காத உன் அத்தான்,
மாரிசாமி

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடலாம் என்றிருந்தேன். உன் அக்கா படித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்படியே அனுப்புங்க" என்றாள்.

நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அபர்ணா அந்தக் கூடத்துக்குள் ஓடிவந்தாள். "அப்பா, தே வன்! ஜெயிச்சுட்டாங்கப்பா!" என்று அழுகை. எனக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை. நூடுல்ஸ் குடும்பம் என்னைப் பிடித்துத் தூக்கிவிட்டது. காரிலிருந்தே அபர்ணாவின் போனில் உன்னைக் கூப்பிட்டேன். அப்புறம் நடந்தது உனக்கே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு நம்பிக்கை வரும். நான், "கதிர், சொல்லுப்பா, மொதல்ல இருந்து சொல்லு" என்றேன். அதே மூச்சில் நீ, "அத்தான், சொல்லுங்க, எப்படி ஆடுனாங்க?" என்றாய். நான்தான் திருப்பிக் கேட்டேன்.

"நீ மைதானத்துலதானே இருக்க?"

"இல்ல அத்தான். வெளிய, கார் பார்க்கிங்ல. நான் உள்ள போய் உக்காந்த ஆட்டமெல்லாம் தோத்துச்சு, உங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல. டிக்கெட்டை ரெண்டையும் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட குடுத்துட்டேன். சத்தம் கேக்கக் கூடாதுன்னு கண்ணாடியை ஏத்திவிட்டுத் தவில் கச்சேரி போட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க வீட்ல உக்காந்து ஒரு பந்து விடாம பாப்பீங்க, அப்புறம் கேட்டுக்கலாம்னு..."

கதிர், மற்றவர்களெல்லாம் பயத்தில் பாதி ஆட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழித்தார்களாம், நாம் காத்திருந்ததை இந்தக் குடும்பத்தில் முழுதாகப் பார்த்தவர் சோதிலிங்கம் ஒருவர்தான். வீட்டுக்கு வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகச் சொன்னார்: "ஒருத்தன் எறிஞ்சான். மற்றவன் அடிச்சான். பிறகு எல்லாரும் ஓடினவை, சம்பந்தி. நல்ல ஆட்டம்."

உன் ஊருக்கு அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் பிளேன் டிக்கெட் போட்டுவிட்டேன், முழங்காலைப் பற்றிக் கேட்காதே. ஆட்டத்தின் பதிவை வைத்திரு, யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாதே, நீயும் நானும் ஒரே சோபாவில் முதல் பந்திலிருந்து பார்ப்போம். ஜெயித்த ஆட்டம்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தால் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் கடைசிச் சுற்று வரும்போது நான் எழுந்து வெளியே போய் நிற்கிறேன். நீ பார்.